கூடு கட்டும்போது படம் எடுக்கலாமா? தேன்சிட்டுக் கூடு பற்றி ஓர் இணைய உரையாடல் இழை

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 9

"எங்கள் பால்கனியில் தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. முட்டை வைத்தபிறகு கிட்டே போகக்கூடாது, மனித வாடை பட்டால் தாய் திரும்பி வராது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதனால் கட்டும்போதே க்ளோசப்பில் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். முட்டைக்கு முன்னால் என்றால் எவ்வளவு கிட்டே போனாலும் ஒன்றும் ஆகாதுதானே?"

பிப்ரவரி 9, இரவு

தலைகீழாக நினைக்கிறீர்கள். கட்டுகிற நாட்களில்தான் பறவை சட்டென்று இடத்தைக் கைவிடும். அப்போது அது போட்டிருக்கும் முதலீடு கொஞ்சம்தான்: நாலு நார், ஒரு பிடி நூலாம்படை. ஆள் நடமாட்டம் சரியில்லை என்று பட்டால் வேறு கிளை பார்த்துக்கொள்ளும். முட்டை வைத்தபின் அந்த முதலீடு கூடிவிடுகிறது, குஞ்சு பொரித்தபின் இன்னும் கூடுகிறது. போட்டது ஏற ஏற விட்டுப் போக மனசு வராது.

க்ளோசப்தான் வேண்டும் என்றால் கூட்டை விட்டுவிடுங்கள். அது நூலாம்படை எடுக்க வருகிற சுவர் மூலையைக் கண்டுபிடியுங்கள். ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்ப வரும். அங்கே உட்கார்ந்து எடுங்கள். ஒட்டடை அடிப்பதையும் இந்த மாதம் நிறுத்தி வையுங்கள், வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிப்ரவரி 10

வாடை விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். பறவை ஆய்வாளர்கள் உலகம் முழுக்கக் குஞ்சைக் கையில் எடுத்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, திரும்பக் கூட்டிலேயே வைக்கிறார்கள். தாய் வந்து வழக்கம்போல ஊட்டுகிறது. நம் கைவாடைக்காகக் குஞ்சை ஒதுக்குகிற பறவை என்பது பெரும்பாலும் கதை.

ஆனால் அந்தக் கதை பிள்ளைகளைக் கூட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்பதால் நான் அதை எங்கள் வீட்டில் மறுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால், "ஆமாம்டா, தொட்டா வராது" என்றுதான் சொல்வேன்.

உண்மையான தொல்லை நாம் போகிற தடம். காக்காய் நம்மை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் தினமும் ஒரே செடிக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தால், அவன் போனபின் அதுவும் வந்து அண்ணாந்து பார்க்கும். பூனையும் அப்படியே. கூட்டை நாம் கலைக்க வேண்டாம், காட்டிக்கொடுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 13

இந்த இழைக்கு வேளை பார்த்து எங்கள் வீட்டிலும் (பாளையங்கோட்டை) ஒன்று. பின்பக்கத் துணிக்கொடியின் கடைசியில் அம்மா மாட்டி வைத்திருந்த கம்பி ஹேங்கர். சட்டை எதுவும் இல்லாமல் சும்மா தொங்கியது. அதில் ஏதோ குப்பை சுற்றியிருக்கிறது என்று எடுத்துப் போடப் போனவளை நான்தான் தடுத்தேன்.

முதல் நாட்களில் அது குப்பையாகத்தான் இருக்கும். கம்பியைச் சுற்றி நூலாம்படை, அதிலிருந்து நீளமாகத் தொங்கும் நாரும் சருகும். அப்புறம் அந்தத் திரளுக்கு நடுவே பெட்டை தலையை நுழைக்கிறது. அடுத்து உடம்பை நுழைக்கிறது. உள்ளே உட்கார்ந்து நெஞ்சால் சுவரை அழுத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பை தானாக வீங்கி வீங்கி அடங்குவது தெரியும். இதைப் பார்க்கவே ஜன்னலோரம் உட்காரலாம்.

வெளிப்பூச்சுக்கு மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த பூவிதழ், புழுக்களின் எச்சம். எங்கள் கூட்டில் அம்மாவின் சேலையிலிருந்து உருவிய ஆரஞ்சு நூல் ஒன்று அடியில் வாலாகத் தொங்குகிறது. வாசலுக்கு மேலே சின்ன இறவாரம். உள்ளே மெத்தைக்கு எருக்கம்பஞ்சு. மொத்தமும் ஒரு சாண் நீளம்கூட வராது. கட்டுகிறவளின் எடை பத்து கிராமுக்குள்.

எந்தத் தேன்சிட்டு என்று கேட்பீர்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பெட்டையின் தொண்டை வெளுப்பு, அதற்குக் கீழே வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் பெட்டைக்கு இந்த வெள்ளைத் தொண்டை கிடையாது, தாடையிலிருந்தே மங்கல் மஞ்சள்தான். ஆண்களில் குழப்பமே இல்லை. ஊதாப்பிட்டத்து ஆணின் வயிறு மஞ்சள், முதுகு கருஞ்சிவப்பு. ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கக் கருப்பு, வெயில் பட்டால்தான் மினுங்கும்.

பிப்ரவரி 14

"ஆண் என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். மேற்பார்வை. அவள் நார் கொண்டு வரும்போது கூடவே வருகிறார், கொடியில் உட்கார்ந்து ஒரு பாட்டு, கூட்டை ஒருமுறை கொத்திப் பார்க்கிறார், கூடவே போகிறார். கைச்சுமை எதுவும் இல்லை. காதலர் தினமும் அதுவுமாக இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 19

படம் எடுக்கிற ஏற்பாட்டைச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

சமையலறை ஜன்னலுக்கும் கூட்டுக்கும் சுமார் பத்து அடி. ஜன்னலில் கொசுவலை இருக்கிறது, அதன் வழியே எடுத்தால் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி வரும். ஆகவே ஒரு கதவை மட்டும் திறந்து, கறுப்புப் போர்வையைத் திரையாகக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு இடைவெளி. ட்ரைபாடை முதல் நாளே வைத்துவிட்டு ஒரு படமும் எடுக்கவில்லை. திரை அசையாமல் அங்கேயே இருக்கிறது என்று பறவைகள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், 300-இல். சன்ஷேடுக்குக் கீழே நிழல் என்பதால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, சில நேரம் 3200. ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைந்தால் படத்தில் தலை கலங்கலாகிவிடுகிறது, நொடிக்கு நொடி தலையைத் திருப்புகிற உயிர் அது. ஆட்டோஃபோகஸ் கொடிக்கயிற்றைத்தான் பிடிக்கும். அதனால் கூட்டு வாசலில் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எப்படியும் பறவை அங்கேதான் வரவேண்டும். ஷட்டர் சத்தத்தை அணைத்து வைக்கிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பெரிய கேமரா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டி, வீடியோவைப் போட்டுவிட்டு நீங்கள் போய் வேறு வேலை பாருங்கள். ஆள் இல்லாத இடத்தில் பறவை நடந்துகொள்கிற விதமே வேறு.

பிப்ரவரி 20

ஃப்ளாஷ் வேண்டாம். பகலிலும் வேண்டாம். இரவில் பெட்டை உள்ளே தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்ப்பதும் வேண்டாம். முட்டை வைப்பதற்குச் சில நாள் முன்பே அது இரவைக் கூட்டில் கழிக்க ஆரம்பித்துவிடும். பயந்து இருட்டில் வெளியே பறந்தால் விடியும்வரை எங்கே போகும்?

பிப்ரவரி 27

கேள்வி கேட்ட வாசகரிடமிருந்து அவசரத் தகவல்: "கூடு முடிந்துவிட்டது. சில நாளாக ஒன்றையும் காணோம். நான் எடுத்த படங்களால்தான் போய்விட்டதா?"

பொறுங்கள். கூடு முடிந்ததற்கும் முட்டைக்கும் இடையே சில நாள் வெறுமையாகக் கிடப்பது சாதாரணம். எங்களுடையதும் அப்படித்தான் கிடந்தது. அம்மா ஹேங்கரைத் திருப்பிக் கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். போன வாரக் கடைசியிலிருந்து காலையில் உற்றுப் பார்த்தால் வாசலில் வளைந்த ஊசிபோல ஒரு அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடைகாக்கிறது.

முட்டை வழக்கமாக இரண்டு. இந்த வகையில் அடைகாப்பு 14 முதல் 16 நாள்.

பிப்ரவரி 28

"ஆண் அடைகாக்கவே காக்காது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஊதாத் தேன்சிட்டுக்கு அது சரி, அங்கே பெட்டைதான் உட்காரும். ஊதாப்பிட்டத்தில் ஆணும் பங்கெடுப்பது பதிவாகியிருக்கிறது. இன்று மத்தியானம் எங்கள் கூட்டு வாசலில் தெரிந்த தலை மினுங்கும் பச்சை. மேற்பார்வையாளர் என்று எழுதியவன் இதையும் எழுத வேண்டும் இல்லையா.

மார்ச் 2

செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, வாசலுக்கு நேரே நீட்டி, முட்டையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஆசை எனக்கும் உண்டு. குச்சியும் உண்டு.

யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் என்ன இருக்கும்? எருக்கம்பஞ்சு மேல் புள்ளி போட்ட இரண்டு சின்ன முட்டை. எல்லாத் தேன்சிட்டுக் கூட்டிலும் கிட்டத்தட்ட அதேதான். இந்தப் பறவையைப் பற்றி அது புதிதாக எதையும் சொல்லாது. அதை எடுக்க பெட்டையை வெளியே விரட்ட வேண்டும், அல்லது அது வெளியே போகிற நேரம் பார்த்து ஓட வேண்டும். போகிற நேரமே சில நிமிடம்தான். திரும்பி வந்து வாசலில் நம்மைப் பார்த்தால் உள்ளே போகாது.

சட்டமும் உண்டு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இல் 'வேட்டை' என்பதன் விளக்கத்துக்குள்ளேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகின்றன. செல்ஃபி குச்சிக்காக யாரையும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் கூட்டோடு கிளையை வெட்டுகிறவரிடமும், பெயிண்ட் அடிக்க வந்து கூட்டைப் பிய்க்கிறவரிடமும் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

மார்ச் 4

இழை தையல்சிட்டுப் பக்கம் போய்விட்டது, போகட்டும். மாடித்தோட்டத்துக் கத்திரியில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "முடிச்சு எப்படிப் போடுகிறது?" என்பது கேள்வி.

முடிச்சே போடுவதில்லை. அலகால் இலை ஓரத்தில் துளை போட்டு, பஞ்சையோ நூலாம்படையையோ அதில் இழுத்துவிடும். மறுபக்கம் வந்த நுனி பிரிந்து உப்பிக்கொள்வதால் திரும்ப உருவிக்கொண்டு போகாது. துளைகள் சின்னவை என்பதால் இலை வாடுவதுமில்லை. உள்ளே பஞ்சு மெத்தை. இலை பச்சையாகவே இருப்பதால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கூடக் கவனிக்க மாட்டார்.

கூட்டைப் பார்ப்பதற்கு ஆசான் யார் என்றால் நான் பறவையியலாளர் சாலிம் அலியைத்தான் சொல்வேன். 1930 மழைக்காலத்தில் வேலையில்லாமல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் இருந்தார். பக்கத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டம். ஏணி மேல் துணி மறைப்புக் கட்டி அதற்குள் உட்கார்ந்து பார்த்தார். ஆண் கூட்டைப் பாதி கட்டிவிட்டுப் பெட்டைக்குக் காட்டும், அவளுக்குப் பிடித்தால்தான் மீதி. அவள் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டையும் அடுத்த பெட்டையையும் பார்க்கப் போய்விடும். இதையெல்லாம் சாலிம் அலி 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன் அது.

மார்ச் 5

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ தூக்கணாங்குருவி ஆண் ஒரு..." என்று ஆரம்பித்த நண்பருக்கு: மனிதக் கணக்கைக் குருவியிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மார்ச் 12

பொரித்துவிட்டது. உள்ளே பார்க்காமல் எப்படித் தெரியும் என்றால், ஆணும் பெட்டையும் வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வருகின்றன. தேன்சிட்டு என்று பெயர் வைத்துவிட்டோம், குஞ்சு வளர்வது சிலந்தியிலும் பூச்சியிலும்தான். இன்று வந்தவற்றில் பாதி சிலந்தி. நூலாம்படையைத் திருடிக் கூடு கட்டியது போதாதென்று சிலந்தியையும் கொண்டுவருகிறார்கள்.

கிட்டத்தில் பார்க்க வேண்டிய ஒன்று: ஊட்டி முடித்ததும் பெட்டை உடனே போவதில்லை. தலையை வாசலுக்குள்ளேயே வைத்துக் காத்திருக்கிறது. பிறகு வெளியே எடுக்கும்போது அலகு நுனியில் வெள்ளையாக, முத்துப்போல ஒரு பை. குஞ்சின் எச்சம். மெல்லிய சவ்வு சுற்றி, சிந்தாமல், அலகால் பிடித்துத் தூக்குகிற மாதிரியே வெளிவருகிறது. அதை எங்கள் முற்றத்தில் போடவில்லை. மதில் தாண்டி வேப்பமரம்வரை கொண்டுபோய் உதறிவிட்டு, அலகைக் கிளையில் இரு பக்கமும் துடைத்துக்கொண்டது. கூட்டுக்கடியில் வெள்ளை விழுந்தால் அதுவே எதிரிக்கு அடையாளம். என்னிடம் உள்ளதில் நல்ல படம் இந்தப் பையோடு அது வெளியே வருகிற நொடிதான்.

அப்புறம், பத்து அடி என்று முன்னால் எழுதியதை யாரும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பறவைக்கு அந்த ஜன்னலில் பாத்திரச் சத்தமும் குக்கர் விசிலும் பழக்கம். தோப்பில் இருக்கிற பறவைக்கு முப்பது அடியும் போதாமல் போகலாம். அளவுகோல் பறவையிடம்தான் இருக்கிறது. வாயில் இரையோடு வந்து, உள்ளே போகாமல், கொடியில் இங்குமங்கும் தாவி, சிட் சிட் என்று விடாமல் கத்தினால் நீங்கள் கிட்டே இருக்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள். அது கத்துகிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே குஞ்சு பசியோடு இருக்கிறது.

மார்ச் 15

கோபத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போகலாம்.

ஊருக்கு வெளியே ஒரு குளக்கரை. கருவேலம் புதரில் கதிர்க்குருவிக் கூடு. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு படக்குழு. கூட்டை மறைத்த கிளைகளைக் கத்தரித்திருந்தார்கள், தெளிவாக வரவேண்டுமாம். "இலையை மட்டும்தான் எடுத்தோம், கூட்டைத் தொடவே இல்லை" என்றார் ஒருவர், பெருமையாகவே. மத்தியான வெயில் நேரே உள்ளே விழுந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தாய் வந்து இறக்கையை விரித்து நிழலாக நின்றது. நிழலாக நின்றால் இரை தேடப் போக முடியாது. போனால் குஞ்சு வேகும். அந்த இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்திவிட்டு இவர்கள் "என்ன பாசம் பாருங்க" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இணையத்தில் இறக்கை விரித்துக் குஞ்சை மூடும் படங்களுக்கு விருப்பக்குறி குவிகிறது. அடுத்தமுறை பார்க்கும்போது கூட்டைச் சுற்றி இலை இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்ட குச்சி நுனி தெரிகிறதா என்று பாருங்கள்.

மார்ச் 16

நேற்றைய பதிவுக்குப் பலரும் "கூட்டுப் படத்தையே தடை செய்யணும்" என்கிறார்கள். பல பறவைக் குழுக்களில் கூட்டுப் படத்தை ஏற்பதில்லை என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, அதன் காரணமும் புரிகிறது. ஒருவர் ஜாக்கிரதையாக எடுத்துப் போடுவார். அதைப் பார்த்து எடுக்கக் கிளம்புகிற நூறு பேரும் ஜாக்கிரதையானவர்கள் இல்லை.

ஆனால் தன் வீட்டு ஜன்னலில் நடப்பதைப் பார்க்காதே என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் அம்மா இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு பறவையின் பெயரைக் கேட்டாள். நான் இன்னும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். இப்போதைக்கு என் நிலை: தேடிப் போய் எடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததை வீட்டுக்குள்ளிருந்து எடுப்பேன். குழுக்களில் போட மாட்டேன்.

மார்ச் 23

குஞ்சு வாசலில் தலை நீட்ட ஆரம்பித்துவிட்டது. படம் எடுக்க இதைவிட ஆசையான நாட்கள் இல்லை. மிகவும் தள்ளி இருக்க வேண்டியதும் இப்போதுதான். சிறகு ஓரளவு வந்த குஞ்சு பயந்தால் உள்ளே பதுங்காது, வெளியே குதிக்கும். பறக்கத் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் குதித்தால் தரையில் பூனையின் கையில்தான். திரும்ப உள்ளே விட்டாலும் மறுபடி குதிக்கும். பொரித்து 17 நாள் சுமாருக்குத் தானாகவே போய்விடும், அதுவரை பொறுங்கள். திரையைக்கூட நான் இப்போது நகர்த்துவதில்லை.

ஆக, பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இன்னும் சரியான பதில்: இரண்டு முனையிலும் விலகி இருங்கள். கட்டும்போது விட்டுப் போய்விடும், கடைசியில் குதித்துவிடும். நடுவே, ஊட்டுகிற நாட்களில், மறைவிலிருந்து, கொஞ்ச நேரம்.

மார்ச் 28

ஒன்று நேற்று, இன்னொன்று இன்று காலை ஏழு மணிக்கு முன்னால். இரண்டாவது போகும்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். படம் இல்லை. முருங்கையில் உட்கார்ந்து கத்துகிறது, அப்பா ஊட்டுகிறார். வெளியே வந்தபின் சில நாள் ஊட்டல் தொடரும். வாலே இல்லாத மாதிரி இருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகரின் கூட்டில் ஒன்றுதான் வெளிவந்ததாம். மற்றது என்ன ஆனதென்று தெரியவில்லை என்கிறார். எல்லாக் கூட்டிலும் எல்லாமும் பிழைப்பதில்லை. உங்கள் கேமராதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 2

பழைய கூட்டை எடுத்துவிடலாமா? கொஞ்ச நாள் விடுங்கள். அதே கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதும் உண்டு. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ எனக்கு வேற ஹேங்கர் வாங்கிக் குடு" என்றாள். நியாயம்.

படங்களைப் பகிர்கிறவர்கள் போனில் இடக்குறிப்பு பதிவாவதை அணைத்துவிடுங்கள். தெருப் பெயரையும் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 3

கத்திரிச்செடிக்காரருக்கு: தண்ணீர் ஊற்றலாம், வேரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். தொட்டியை இடம் மாற்ற வேண்டாம், இப்போது விழுகிற நிழல் தெரிந்துதான் அது இலையைத் தேர்ந்திருக்கும். அந்தச் செடியில் காய் முற்றிப் போனால் போகட்டும். மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள், குஞ்சுக்குப் போகிற இரையே அந்தப் பூச்சிகள்தான்.